உறை போட்டு மூடி வைத்த மானிட்டர்

கேள்வி: பெங்களூரின் கிழக்குப் பகுதியில் 200 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனை ஒன்றில் தீவிர சிகிச்சை மருத்துவராக இருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலி. எங்கள் ஐசியுவில் நான்கு படுக்கைகளை மூளை, நரம்பு நோயாளிகளுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஆறு மாதங்களுக்கு முன் மூளை அழுத்தம் அளக்கும் மானிட்டர், மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி, மூளைத் தமனியின் ரத்த வேகத்தை அளக்கும் டாப்ளர் மூன்றையும் ஒன்றாக வாங்கினார்கள். விற்றவர்கள் அரை நாள் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் இன்னொரு மருத்துவரும் ஹோட்டலில் நடந்த இரண்டு நாள் பயிலரங்குக்குப் போய்ச் சான்றிதழோடு வந்தோம். இதுவரை மூன்று பேருக்குத்தான் அழுத்தக் கருவி பொருத்தியிருக்கிறோம். எண் 20ஐத் தாண்டினால் செவிலியர் கூப்பிடுகிறார். நான் அழுத்தத்தைக் குறைக்கும் மானிட்டால் மருந்தைக் கொடுக்கச் சொல்கிறேன். அறுவை நிபுணர் சி.டி. எடுக்கச் சொல்கிறார். ‘இந்தக் கருவியால் பயனில்லை என்று ஆய்வே சொல்லிவிட்டது’ என்றும் அவர் சொல்கிறார். மற்ற நாட்களில் மானிட்டர் உறை போட்டபடி மூலையில் நிற்கிறது. நிர்வாகமோ ஒரு மாதத்துக்குள் எல்லோருக்கும் பயிற்சி கொடுத்து முடிக்கச் சொல்கிறது. எதிலிருந்து தொடங்குவது? இரண்டு வருடங்களில் வெளிநாடு போய்விடும் செவிலியர்களுக்குக் கற்றுக்கொடுப்பது வீண்தானா? வேலையை விட்டுவிட்டு ஒரு வருட ஃபெலோஷிப் பயிற்சிக்குப் போகலாமா? மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு

பதில்:

அன்புள்ள டாக்டர்,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. இதே ஊரில் நான் பார்த்த ஐசியுக்களில் உறை போட்ட இப்படிப்பட்ட மானிட்டர்கள் பல. ஒன்றின் மேல் கையுறைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வாங்கும்போது மாலை போட்டுத் தேங்காய் உடைத்திருப்பார்கள். ஆறாவது மாதம் அது அலமாரியாகிவிடும்.

மருத்துவர் அல்லாதவர்களும் இந்தப் பகுதியைப் படிப்பதால், உங்களுக்குத் தெரிந்த சிலவற்றையும் விளக்கி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு அரை நாளிலும் இரண்டு நாளிலும் சொல்லிக்கொடுத்தது கருவியைப் பற்றி. எந்தப் பொத்தான், எந்தக் கேபிள், எந்தத் திரை என்பதெல்லாம் அதில் அடக்கம். ஒரு நோயாளியை ஓர் இரவு முழுவதும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. அதனால்தான் உங்கள் ஐசியுவில் எண் ஒன்று வருகிறது, அதற்கு மருந்து ஒன்று போகிறது, நடுவில் யாரும் எதையும் கேட்டுக்கொள்வதில்லை. அந்த எண் உண்மையா, உண்மை என்றால் ஏன் ஏறியது, முதலில் எதைச் சரிசெய்வது என்ற கேள்விகளை அதிகாலை மூன்று மணிக்குப் படுக்கையருகில் நிற்பவர் தாமாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். பயிற்சி என்று நான் சொல்வது இதைத்தான். அந்த நேரத்தில் படுக்கையருகில் இருப்பவர் நீங்களும் இல்லை, அறுவை நிபுணரும் இல்லை. செவிலியர்தான் இருக்கிறார். ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: செவிலியர்களிடமிருந்து தொடங்குங்கள்.

முதல் இரண்டு வாரம் மானிட்டரின் உறையைக் கழற்றவே வேண்டாம். டார்ச் ஒன்று, கைகள் இரண்டு, வாய் ஒன்று, இவை போதும். நினைவு மட்டத்தை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலை 1974இல் கிரகாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னெட்டும் வெளியிட்டார்கள். கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. மிகக் குறைந்தது 3. இதைத் தெரியாத செவிலியர் எந்த ஐசியுவிலும் இல்லை. ஆனால் ஒரே நோயாளிக்கு ஒரே மணியில் இரண்டு பேரைத் தனித்தனியாக மதிப்பெண் போடச் சொல்லிப் பாருங்கள், வேடிக்கை தெரியும். பெங்களூரில் அந்த வேடிக்கை கொஞ்சம் கூடுதல்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் நடந்தது இது. தருமபுரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த பாட்டி ஒருவர். மூளையுறைக்குக் கீழே உறைந்திருந்த ரத்தத்தை எடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பகலில் இருந்த செவிலியர் ஓசூர்க்காரர். அவர் போட்ட மதிப்பெண் 15. இரவுப் பணிக்கு வந்தவர் வட கர்நாடகத்துப் பெண், நல்ல திறமைசாலி. ‘நிம்ம ஹெசரேனு, இது யாவ ஊரு’ என்று பெயரையும் ஊரையும் கன்னடத்தில் கேட்டிருக்கிறார். தூக்கக் கலக்கத்தில் இருந்த பாட்டி ஏதோ முனகியிருக்கிறார். கையைத் தூக்கச் சொன்னதும் புரியவில்லை. நகத்தில் அழுத்தியபோது மற்றொரு கையால் தட்டிவிட்டார். கண் 3, பேச்சு 3, அசைவு 5. பதினைந்து பதினொன்றாக இறங்கிவிட்டது. இரவு மருத்துவர் பதறிப்போய் சி.டி.க்கு அனுப்பினார். அந்த நேரத்தில் லிஃப்ட், தள்ளுவண்டி, ஆக்சிஜன் சிலிண்டர் என்று பெரும் ஊர்வலம். படத்தில் புதிதாக ஒன்றும் இல்லை. நான் வந்து, ‘அம்மா, வலது கையைத் தூக்குங்கள்’ என்றேன். தூக்கினார். தூக்கியதோடு, சிறுநீர்க் குழாயை எப்போது எடுப்பீர்கள் என்றும் கேட்டார்.

அந்தச் செவிலியர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. இந்த ஊர் ஐசியுவில் கேரளத்துச் செவிலியரும் கல்யாண கர்நாடகத்துச் செவிலியரும் மணிப்பூர்ச் செவிலியரும் ஒரே ஷிப்டில் இருப்பார்கள். நோயாளி தமிழ், கன்னடம், தெலுங்கு, தக்னி உருது, இந்தி எதையும் பேசலாம். மறுநாளே நாங்கள் செய்த வேலை: ஆறு கட்டளைகளை ஐந்து மொழிகளில் எழுதி, அட்டையில் ஒட்டி, ஒவ்வொரு படுக்கையிலும் தொங்கவிட்டோம். கண்ணைத் திற, கையைத் தூக்கு, இரண்டு விரலைக் காட்டு, நாக்கை நீட்டு, உங்கள் பெயர் என்ன, இது எந்த இடம். செவிலியர் படிக்கும் எழுத்தில் இருக்க வேண்டும். தமிழ்க் கட்டளையை மலையாள எழுத்திலும் கன்னட எழுத்திலும் எழுதினோம். நோயாளிக்கு எந்த மொழி என்பதைச் சேர்க்கும்போதே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதும் வழக்கமும் அன்றுதான் வந்தது. இந்த அட்டைக்கு ஆன செலவை நிர்வாகத்திடம் கேட்கக்கூட வெட்கமாக இருந்தது.

இன்னொரு வழக்கத்தையும் கொண்டுவாருங்கள். மதிப்பெண்ணைக் கூட்டிச் சொல்லக் கூடாது. ‘ஒன்பது’ என்பதில் ஒரு செய்தியும் இல்லை. ‘கண் 2, பேச்சு 2, அசைவு 5’ என்பதில் இருக்கிறது. பணிமாறும்போது போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து படுக்கையருகில் நின்று பரிசோதிக்க வேண்டும். இருவர் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே பேசித் தீர்த்துவிட்டுத்தான் போகிறவர் போகலாம். பத்து நாளில் வித்தியாசம் குறைவதைப் பார்ப்பீர்கள். குழாய் போட்டு வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்குப் பேச்சு மதிப்பெண் போட முடியாது. அவர்களுக்கு 2005இல் மேயோ கிளினிக்கில் வைடிக்ஸ் குழுவினர் வகுத்த ஃபோர் அளவுகோலைச் சொல்லிக்கொடுங்கள். கண், அசைவு, மூளைத்தண்டு அனிச்சைகள், சுவாசம் என்று நான்கு கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. கண்பாவையைப் பார்க்கும்போது கைபேசி வெளிச்சம் வேண்டாம், சரியான டார்ச் வாங்கிக்கொடுங்கள். மயக்க மருந்து எவ்வளவு ஓடுகிறது என்பதை மதிப்பெண்ணின் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் நாம் மருந்துக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்போம்.

இனி அழுத்தக் கருவி. மூளை அழுத்தத்தைத் தொடர்ச்சியாகப் பதிவுசெய்து, அது எப்படியெல்லாம் அலைபாய்கிறது என்று 1960இல் விரிவாகக் காட்டியவர் ஸ்வீடனின் நில்ஸ் லுண்ட்பெர்க். மண்டையோடு மூடிய பெட்டி. அதற்குள் மூளை, ரத்தம், மூளைத் தண்டுவட நீர் மூன்றும் இருக்கின்றன. ஒன்று கூடினால் மற்றவை இடம் விட வேண்டும். விட இடமில்லாதபோது அழுத்தம் ஏறும். இவ்வளவுதான் தத்துவம். தடுமாற்றமெல்லாம் அளப்பதில்தான்.

உங்கள் மருத்துவமனையில் வாங்கியது எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. மூளைத் திசுவுக்குள் நுனியில் சென்சார் வைத்த மெல்லிய கம்பி என்றால், அதைப் பொருத்துவதற்கு முன்பே பூச்சியப்படுத்த வேண்டும். உள்ளே போன பிறகு மறுபடி பூச்சியமாக்க முடியாது, நாட்கள் போகப் போக எண் கொஞ்சம் விலகலாம். மூளையறைக்குள் குழாய் விட்டு நீரை வெளியே வடிக்கும் ஈவிடி என்றால் சங்கதியே வேறு. அதில் மட்டம்தான் எல்லாம். காதுத் துளைக்கு முன்னால் துருத்தி நிற்கும் குருத்தெலும்பின் மட்டத்தில், அழுத்தத்தை உணர்ந்து திரைக்கு அனுப்பும் டிரான்ஸ்டியூசர் இருக்க வேண்டும். வடிகால் திறந்திருக்கும்போது திரையில் தெரியும் எண்ணை நம்பக் கூடாது. மூடிவிட்டு, அலை நிதானமான பிறகு படித்து, மறக்காமல் திறக்க வேண்டும்.

இதை நான் வகுப்பில் சொன்னபோதெல்லாம் எல்லோரும் தலையாட்டினார்கள். இரவில் எதுவும் மாறவில்லை. பிறகு ஒருநாள் ஐவி ஸ்டாண்டு ஒன்று, சலைன் பை ஒன்று, டிரான்ஸ்டியூசர் ஒன்று, தையல்காரர் டேப் ஒன்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பையைக் குழாயோடு இணைத்து ஓர் உயரத்தில் தொங்கவிட்டு, எண்ணைப் படிக்கச் சொன்னேன். டிரான்ஸ்டியூசரை 13.6 செ.மீ. கீழே இறக்கச் சொன்னேன். எண் 10 கூடியது. மேலே ஏற்றினால் 10 குறைந்தது. பையும் அதே, நீரும் அதே, ‘நோயாளி’யும் அதே. ஒரு ஜாண் கூட இல்லாத உயரம், 12ஐ 22 ஆக்கிவிட்டது. பன்னிரண்டு ஆண்டு அனுபவமுள்ள ஒரு செவிலியர், ‘அப்படியென்றால் நேற்று ராத்திரி நான் எழுதியதெல்லாம்?’ என்று கேட்டுவிட்டு மேலே பேசவில்லை. அதற்குப் பிறகு அவர் யூனிட்டில் மட்டம் தவறிய நாள் அபூர்வம்.

கூடவே இன்னொரு கணக்கையும் அதே மேசையில் போட்டுக் காட்டுங்கள். மூளைக்கு ரத்தத்தைத் தள்ளும் அழுத்தம், நாம் சிபிபி என்று சொல்வது, சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து மூளை அழுத்தத்தைக் கழித்தால் வரும். சராசரி 85, மூளை அழுத்தம் 15 என்றால் 70. திரை பச்சை நிறத்தில் நிம்மதியாக இருக்கும். ஆனால் கைத் தமனியின் டிரான்ஸ்டியூசர் இதய மட்டத்தில் இருந்து, தலைப்பக்கம் உயர்த்தியதால் காது 15 செ.மீ. மேலே இருந்தால், மூளையின் மட்டத்தில் உண்மையான சராசரி சுமார் 74தான். கழித்தால் 59. தலைக்காயத்துக்கு 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கேட்பது 60 முதல் 70 வரை. திரை சொன்னதற்கும் நடப்பதற்கும் இடையே 11. என் யூனிட்டில் மூளை நோயாளிக்குத் தமனி டிரான்ஸ்டியூசரையும் காது மட்டத்திலேயே வைப்போம். நீங்கள் வேறு முறை வைத்தாலும் சரி, எல்லோரும் ஒரே முறையில் வைத்து, எந்த மட்டம் என்பதைத் தாளில் எழுதுங்கள்.

மட்டத்தை யார் கலைக்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்தேன். செவிலியர்கள் அல்ல. எக்ஸ்-ரே எடுக்க வந்தவர் தலைப்பக்கத்தை இறக்கினார், பிசியோதெரபிஸ்ட் ஏற்றினார், படுக்கை விரிப்பு மாற்ற வந்த உதவியாளர் முழுக் கட்டிலையும் உயர்த்தினார். ஈவிடியில் நீர் சொட்டும் குடுவை இருந்த இடத்திலேயே இருந்தது. கட்டில் உயர்ந்து குடுவை தாழ்ந்தால் நீர் தேவைக்கு மேல் வடியும். சிலருக்கு அதுவே ஆபத்து. ஆகவே உங்கள் பயிற்சிப் பட்டியலில் இவர்களையும் சேருங்கள். இவர்களுக்குச் சிபிபி தேவையில்லை. ‘கட்டிலைத் தொடும் முன் சிஸ்டரைக் கூப்பிடு’ என்ற ஒரே வாக்கியம் போதும். மருத்துவர்களுக்கு நடத்திய எந்தப் பயிலரங்கிலும் இவர்களை நான் பார்த்ததில்லை.

எண்ணோடு அலையையும் பார்க்கப் பழக்குங்கள். நல்ல அலையில் மூன்று முகடுகள் படிப்படியாக இறங்கும். இரண்டாவது முகடு முதலாவதைவிட உயர்ந்து நின்றால், எண் இன்னும் சாதுவாக இருந்தாலும் பெட்டிக்குள் இடம் குறைந்துவருகிறது என்று பொருள். அலையே இல்லாமல் தட்டையான கோடும் ஓர் எண்ணும் தெரிந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. குழாய் அடைத்திருக்கலாம், மடங்கியிருக்கலாம். ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருமுறை அலையைக் கையால் தாளில் வரையச் சொன்னேன். ஆரம்பத்தில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். வரைந்தால்தான் கண் பார்க்கும்.

பிறகு அந்த 22. அதே வழிகாட்டுதல்படி 22 மி.மீ. பாதரசத்துக்கு மேல் போனால் சிகிச்சை வேண்டும். சிகிச்சை என்றதும் நம் கை மானிட்டாலுக்குப் போகிறது. அதற்கு முன் கேட்க வேண்டியவை எவ்வளவு இருக்கின்றன! மட்டம் சரியா? அலை இருக்கிறதா? இருமல் அடங்கிய பிறகும், சில நிமிடங்கள் தாண்டியும் நிற்கிறதா? கழுத்து ஒரு பக்கம் திரும்பிக் கிடக்கிறதா? கழுத்துப்பட்டையோ மூச்சுக்குழாய் கட்டிய நாடாவோ இறுகியிருக்கிறதா? இது நடக்கிற காரியம்தான். நாடாவைத் தளர்த்தி எண் இறங்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். காய்ச்சலா, வலியா, வென்டிலேட்டரோடு சண்டை போடுகிறாரா? ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடியிருக்கிறதா? கூடினால் மூளை ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் ஏறும். சோடியம் இறங்கியிருக்கிறதா? வெளியே தெரியாத வலிப்பா? கண்பாவை மாறியிருக்கிறதா? இது மாறியிருந்தால் மட்டும் மற்றக் கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு உடனே மருந்தும் அறுவை நிபுணரும் சி.டி.யும். மற்ற நேரங்களில் இந்தக் கேள்விகளைக் கேட்கச் சில நிமிடங்கள்தான் ஆகும். செவிலியர் உங்களைக் கூப்பிடும்போது எண்ணை மட்டும் சொன்னால் போனை வைத்துவிடாதீர்கள், திட்டவும் வேண்டாம். இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தொலைபேசியிலேயே கேளுங்கள். பதினைந்து இரவுகளில், நீங்கள் கேட்கும் முன்பே பதில் வந்து விழும்.

உங்கள் அறுவை நிபுணர் சொல்லும் ஆய்வு எனக்குத் தெரியும். 2012இல் வெளிவந்தது, பொலிவியா, ஈக்வடார் நாடுகளின் ஐசியுக்களில் கடுமையான தலைக்காயமுள்ள 324 பேர். ஒரு பாதிக்கு அழுத்தக் கருவி வைத்து, எண்ணைப் பார்த்துச் சிகிச்சை. மறு பாதிக்குக் கருவி இல்லை, சி.டி.யையும் பரிசோதனையையும் பார்த்து, எழுதி வைத்த முறைப்படி சிகிச்சை. ஆறு மாதம் கழித்து இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் சொல்வது பாதி சரி. மீதிப் பாதி என்னவென்றால், கருவி இல்லாத அந்தக் குழுவை யாரும் சும்மா விட்டுவிடவில்லை. மணிக்கு மணி பரிசோதித்தார்கள், கால அட்டவணைப்படி படம் எடுத்தார்கள், அழுத்தம் கூடியிருப்பதாக எண்ணி மருந்து கொடுத்தார்கள். மூளை அழுத்தத்துக்கான சிகிச்சை நடந்த நாட்கள் அவர்களுக்குத்தான் அதிகம். அந்த அளவு பரிசோதனை உங்கள் ஐசியுவில் நடக்கிறதா என்று அவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். நடந்தால் அவர் வாதத்துக்கு நானும் கையெழுத்திடுகிறேன். கருவி இல்லாமல் நன்றாகப் பார்த்துக்கொள்ள முடியும் என்பதை அந்த ஆய்வு காட்டியது. எண்ணை மட்டும் துரத்துவது போதாது என்பதையும் காட்டியது. முதல் இரண்டு வாரம் உறையைக் கழற்றாதீர்கள் என்று சொன்னதற்கு எனக்கு இதுவும் ஒரு துணிச்சல். அதற்காக முழுவதும் கைவிடச் சொல்லவில்லை. 2016 வழிகாட்டுதல் அந்த ஆய்வையும் கணக்கில் கொண்டுதான், கடுமையான தலைக்காயத்தில் அழுத்தத்தைக் கண்காணிக்கும்படி பரிந்துரைத்தது.

மூன்று கருவிகளில் அடுத்தது இஇஜி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடர் இஇஜி வைத்த 570 பேரைப் பற்றிய ஆய்வு 2004இல் வந்தது. அவர்களில் 110 பேருக்கு வலிப்பு பதிவானது. அந்த 110இல் 101 பேருக்குக் கை கால் ஒன்றும் துடிக்கவில்லை. கருவி இல்லையென்றால் ‘இன்னும் விழிக்கவில்லை’ என்று நாம் காத்துக்கொண்டிருந்திருப்போம். உங்கள் செவிலியர்கள் இஇஜியைப் படிக்க வேண்டியதில்லை. தலையைச் சுத்தம் செய்து மின்முனைகளைச் சரியான இடத்தில் ஒட்டுவதும், பொய் அலைகளை அடையாளம் காண்பதும் அவர்கள் வேலை. வென்டிலேட்டர் குழாயில் தேங்கிய நீர் குலுங்கும்போதும், நெஞ்சைத் தட்டிச் சளி எடுக்கும்போதும் வலிப்பு போலவே ஓர் அலை வரும். அந்த மணித்துளியில் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதி வைத்தால், மறுநாள் நரம்பியல் மருத்துவர் உங்களை வாழ்த்துவார். ஆனால் கருவியை இயக்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்: இரவு இரண்டு மணிக்கு அதை யார் படிப்பார்? வெளியிலிருந்து படித்துச் சொல்ல ஒருவரோடு ஏற்பாடு இல்லையென்றால், காலையில் ராத்திரி வலிப்பைப் பார்த்து வருத்தப்படத்தான் அது உதவும்.

டாப்ளரை இந்த வருடம் விட்டுவிடுங்கள். பொட்டெலும்பு வழியாக மூளைத் தமனியின் ரத்த வேகத்தை அளக்கும் இந்தக் கலையை 1982இல் ரூனே ஆஸ்லிட் தொடங்கிவைத்தார். மூளையைச் சுற்றிய ரத்தக்கசிவுக்குப் பின் தமனி சுருங்குகிறதா என்று பார்க்க அருமையான வழி. ஆனால் பிடிக்கிற கையைப் பொறுத்து எண் மாறும். வயதான பெண்கள் பலருக்கு எலும்பு வழியே ஒலியலை நுழையவே நுழையாது. ஓய்வு நேரத்தில் நீங்களும் ஜூனியர்களும் ஒருவர் தலையில் ஒருவர் பிடித்துப் பழகுங்கள். நாளுக்கு நாள் உங்கள் எண் ஒரே மாதிரி வர ஆரம்பித்த பிறகு நோயாளியிடம் போகலாம்.

செவிலியர்கள் போய்விடுவார்கள் என்ற கவலை நியாயமானது. அயர்லாந்துக்கும் வளைகுடாவுக்கும் போகாத செவிலியரை இன்று பெங்களூரில் தேடத்தான் வேண்டும். நம்மில் எத்தனை மருத்துவர்கள் ஒரே இடத்தில் இருக்கிறோம்? அதனால் ஒருவரைச் சார்ந்து நிற்காமல் இரண்டிரண்டு பேராகப் பழக்குங்கள். ஒருவர் போனால் மற்றவர் அடுத்தவரைப் பழக்குவார். ஆனால் இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. படிநிலைகளைத் தாண்டி, ராத்திரியில் நேராக உங்களையோ அறுவை நிபுணரையோ கூப்பிடும் உரிமையை அவர்களுக்கு எழுத்தில் வாங்கிக்கொடுங்கள். கூப்பிட்டது தவறான எச்சரிக்கை என்றாலும் யாரும் கோபிக்கக் கூடாது. அந்த உரிமை இல்லாமல் நீங்கள் எதைக் கற்றுக்கொடுத்தாலும், அவர் பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு விடியும் வரை காத்திருப்பார்.

உறவினர்களையும் மறந்துவிடாதீர்கள். நோயாளியின் தம்பி மானிட்டரைப் படமெடுத்துச் சென்னையில் உள்ள ஒன்றுவிட்ட அண்ணனுக்கு அனுப்புவார். அந்த அண்ணன், ‘மூளை பிரஷர் 24 என்றால் ஏன் சும்மா இருக்கிறார்கள்’ என்று கேட்பார். பல பத்தாயிரம் செலவழித்துக் கருவி வைக்கச் சம்மதித்தவர்கள் அவர்கள், கேட்கத்தான் செய்வார்கள். செவிலியர் ஒவ்வொருவரும் ஒரே மாதிரி இரண்டு வரியில் பதில் சொல்லப் பழக வேண்டும்.

ஒரு மாதத்தில் முடி என்ற நிர்வாகத்திடம் சண்டை போடாதீர்கள். ஒரு மாதத்தில் மேலே சொன்ன மதிப்பெண் பழக்கமும் மட்டமும் வந்துவிடும் என்று சொல்லுங்கள், அது உண்மைதான். மற்றதற்கு ஒரு வருடம். எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்ற கணக்குக்குப் பதிலாக, மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எண்ணைப் பார்த்து நாம் முடிவை மாற்றிய இடங்களையும் எண்ணால் ஏமாந்த இடங்களையும் பேசுங்கள். அறுவை நிபுணரையும் கூப்பிடுங்கள். நல்ல காபி வாங்கி வையுங்கள், வருவார்.

கடைசியாக, ஃபெலோஷிப். போங்கள், ஆனால் இந்த வருடம் வேண்டாம். இப்போது போனால் அந்த நான்கு படுக்கைகளில் ஒன்றும் மிஞ்சாது. நீங்களும் என்ன கேட்க வேண்டும் என்று தெரியாமல் போவீர்கள். நரம்பு மயக்கவியல், நரம்புத் தீவிர சிகிச்சையில் மூன்று வருட டி.எம். படிப்பு ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸிலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ராவிலும் இருக்கிறது. உங்கள் வயதிலும் நிலையிலும் மூன்று வருடம் தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. நியூரோகிரிட்டிகல் கேர் சொசைட்டி நடத்தும் ஈஎன்எல்எஸ் என்ற அவசர நரம்பியல் சிகிச்சைப் படிப்பை எல்லா மருத்துவர்களையும் முடிக்கச் சொல்லுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்கு நல்லது, ஆனால் கண்காணிப்பை அது கற்றுத்தராது. நடுவில் பெரிய நரம்பியல் மையம் ஒன்றில் சில வாரங்கள் பார்வையாளராக இருக்க அனுமதி கேளுங்கள். கிடைத்தால் காலைச் சுற்றுக்கு மட்டும் போய்விட்டு வராதீர்கள். சில இரவுகள் செவிலியர் மேசையருகே உட்காருங்கள். அடுத்த வருடம், உங்களை விட்டால் ஆளில்லை என்ற நிலை மாறிய பிறகு ஒரு வருடம் போகலாம். இந்த ஊரிலேயே கிடைத்தால் மகளுக்குப் பள்ளி மாற்ற வேண்டியிருக்காது. பெங்களூரில் பாதி வேலைக்கு இடத்தைவிடப் போக்குவரத்துதான் தடை. சில்க் போர்டு சந்திப்பை இரண்டு வேளையும் தாண்டாத இடமாகப் பாருங்கள் என்று மட்டும் அனுபவத்தில் சொல்கிறேன்.

பின்குறிப்பு: டிசம்பர், ஜனவரி இரவுகளில் உங்கள் மானிட்டால் பாட்டில்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெங்களூர்க் குளிரில் 20 சதவீத மானிட்டால் படிகமாகிவிடும். வெதுவெதுப்பாக்கிக் கரைத்து, ஆறவிட்டு, வடிகட்டி உள்ள செட்டில்தான் ஏற்ற வேண்டும்.